தோட்டம் பார்க்காமல் போன புஷ்பம் ரீச்சர்

மூன்றாம் தவணை தொடங்கிய கிழமை. இடைவேளை மணி அடித்து, ஆசிரியர் அறையில் நாங்கள் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தோம். அதிபர் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. "புஷ்பம் ரீச்சர் மோசம் போயிட்டா. காலமை ஆஸ்பத்திரியில" என்றார். பிறகு எங்களோடு படிப்பிக்கும் ஒருவர், நல்ல மனிதர்தான், பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "புருசன்ர லண்டன் சனத்தைச் சந்தோசமா அனுப்பி வைச்சிட்டுத்தான் மனுசி போயிருக்கு. குடுத்து வைச்ச சாவு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியை மூடிவிட்டு எழும்பி வெளியே போய்விட்டேன்.

இந்த அஞ்சலியையும் அதே கோபத்தோடுதான் எழுதுகிறேன். இதை வாசிக்கப் போகிற நீங்கள் அவரைத் தெரிந்தவர்கள். பலர் அவர் கையால் வயிறாரச் சாப்பிட்டவர்கள். வாசிக்கும்போது கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களையெல்லாம் எவ்வளவோ பொறுத்தவர்.

புஷ்பராணி எங்கள் பாடசாலையில் மனைப்பொருளியல் படிப்பித்தார். நான் தமிழ். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை, வட்டக்கச்சியில் ஒரே ஒழுங்கையில் வீடு. போர் முடிந்து முகாமில் இருந்து திரும்பி வந்து, கூரையில்லாத கட்டடத்தில் வகுப்பு நடத்திய காலத்தில்தான் அவரை முதலில் கவனித்தேன். இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் சுவர் கிடையாது. அவர் பேசுவது எனக்கும் பாடம்தான். ஒரு நாள் "குடும்பமும் ஓய்வும்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "குடும்பத்தோட பயணம் போனவை கையைத் தூக்குங்கோ" என்றார். எல்லாப் பிள்ளைகளும் தூக்கினார்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டார். தருமபுரம், சுதந்திரபுரம், மாத்தளன், செட்டிகுளம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் என் வகுப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "அது பயணம் இல்லைப் பிள்ளையள். முதலே யோசிச்சு வெளிக்கிட்டால் பயணம். யோசிக்க விடாமல் வெளிக்கிட்டால் இடம்பெயர்வு" என்றார். பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு விடுமுறையைத் திட்டமிடுவது எப்படி என்று படிப்பித்தார். எங்கே போவது என்று வீட்டில் எல்லோரையும் கேட்க வேண்டும், சின்னப் பிள்ளையையும் கேட்க வேண்டும். வேலைகளை முன்கூட்டியே பகிர வேண்டும். கடைசியில் அவர் சொன்ன ஒரு வசனத்தை நான் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்: "ஒராள் அடுப்படியில நிண்டால் அந்த வீட்டுக்கு லீவு இல்லை. மற்றவைக்குத்தான் லீவு."

வகுப்பில் அவர் சொன்னது இது. வீட்டில் நடந்தது வேறு.

அவருடைய தாயும் தகப்பனும் கலவரத்துக்குத் தப்பி மலையகத்தில் இருந்து கிளிநொச்சிக்கு வந்தவர்கள். காடு வெட்டி, கூலிக்கு நாற்று நட்டு, இந்தப் பிள்ளையைப் படிப்பித்தார்கள். அவர் கட்டியது நேசன் அண்ணையை. நேசன் அண்ணையின் ஆட்கள் குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். என்னுடைய ஆட்களும் அப்படித்தான், ஆகவே எங்கள் சனத்தின் குணம் எனக்கு நன்றாகத் தெரியும். காதல் கலியாணம். நேசன் அண்ணையின் தமையன் அந்தக் கலியாணத்துக்கு லண்டனில் இருந்து வரவில்லை. பிறகு சமாதானமானார். சமாதானம் என்றால், ஆண்டுதோறும் ஆவணியில் குடும்பத்தோடு வந்து புஷ்பம் ரீச்சரின் சமையலைச் சாப்பிடுகிற அளவுக்குச் சமாதானம்.

ஒரு முறை அவர்கள் வந்திருந்தபோது நானும் போயிருந்தேன். ரீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். தமையன் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "புஷ்பத்தின்ர தேத்தண்ணியை அடிக்க ஆளில்லை. கையோட வந்த வித்தையெல்லோ." அவருடைய மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தேயிலை பறித்த வீட்டுப் பிள்ளை என்ற குத்தலைப் பகிடி என்று எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும். ரீச்சரும் சிரித்தார். நேசன் அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நல்ல கமக்காரன், நல்ல புருசன், தமையன் முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

தாய் இருந்த காலத்தில் அவரோடு போனில் கதைக்கும்போது மட்டும் ரீச்சருடைய தமிழ் மாறும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள் "இருக்கினம்", தாயிடம் "இருக்காங்கம்மா". அந்தத் தாய் செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே செத்துப்போனார். சாகும் முன்னர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பொறந்த தோட்டத்த ஒருக்கா பாத்துட்டு வந்துரு புள்ள" என்றாராம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு ஓடை, அதற்கு மேலே மரத்தடியில் ஒரு மாடசாமி, அங்கேதான் தாய்க்கு மொட்டையடித்ததாம். ரீச்சர் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்.

போர் முடிந்து இவ்வளவு காலத்தில் ஒரு முறை போய் வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். எப்போது போவது? ஆசிரியர்களுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது ஆவணியிலும் மார்கழியிலும். மார்கழியில் வன்னி வெள்ளத்துக்குள் கிடக்கும், வயலை விட்டு அசைய முடியாது. ஆவணியில் லண்டன். அவர்கள் வருவதற்குப் பங்குனியிலேயே ரீச்சரின் வீட்டில் ஆயத்தம் தொடங்கிவிடும். கிணறு இறைத்தாக வேண்டும். அங்கத்தைய பிள்ளைகளுக்கு உறைப்பு ஆகாது என்று அவர்களுக்குத் தனியாக ஒரு தூள் வறுத்தாக வேண்டும். மெத்தை காயப்போட வேண்டும், நுளம்பு வலை தோய்க்க வேண்டும், நாட்டுக்கோழி வளர்த்து வைக்க வேண்டும், திரும்பிப் போகும்போது கொடுத்துவிட மோர்மிளகாயும் வடகமும் வேண்டும். தமையனின் மனைவி போனில் சொல்வார்: "ஒண்டுக்கும் கரைச்சல்படாதை புஷ்பம், நாங்கள் சும்மா இருந்திட்டுப் போகத்தானே வாறம்." இந்தக் "கரைச்சல்படாதை" என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பயம் வரும். அதற்குப் பின்னால் ஒரு மூட்டை வேலை வரும். ஒடியல் கூழ் குடித்து எவ்வளவு காலம், அந்தக் கொமோட்டில் தண்ணீர் ஒழுங்காக வருதோ, மகனுக்கு ஆட்டுப்பால் சரிவராது.

அவர்களும் ஆறுதலாகத்தான் இருந்துவிட்டுப் போனார்கள். அதில் பொய் இல்லை. மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு, சோளகக் காற்றில் கண்ணயர்ந்து, "ஊர் ஊர்தான்" என்று முகநூலில் படம் போட்டார்கள். அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், விருப்பும் போட்டிருப்பீர்கள். அதில் ஒன்றில்கூட ரீச்சர் இல்லை. அவர் அடுப்போடு நின்ற குசினிக்குள் வெளிச்சம் காணாது.

இந்த ஆண்டு அவர் ஒரு முடிவெடுத்தார். தைப்பொங்கலுக்கு லண்டனுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் எடுத்தவர், அதோடு சேர்த்துச் சொல்லிவிட்டார்: ஆவணி லீவின் முதற்பாதியில் தாங்கள் மலைநாட்டுக்குப் போவதாகவும், அவர்கள் பிற்பாதியில் வந்தால் நல்லது என்றும். அடுத்த நாள் ஆசிரியர் அறைக்கு வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "சொல்லிப்போட்டன் ரீச்சர்! வாய் தடுமாறாமல் சொல்லிப்போட்டன்" என்றார். உயர்தரப் பரீட்சையில் சித்தி அடைந்த பிள்ளையைப்போல இருந்தார்.

பிறகு ஏழு மாதமும் அவர் படிப்பித்ததை அவரே செய்தார். புருசனைக் கேட்டார், மகள் தாரணியைக் கேட்டார், வான் வண்டி ஒன்றுக்குச் சொன்னார். தாயின் தங்கை மகள் ஒருத்தி இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பதாகக் கேள்விப்பட்டு, பலரிடம் விசாரித்து அவளுடைய போன் இலக்கத்தையும் பிடித்துவிட்டார். சரோஜா என்று பெயர். ஒரு நாள் இடைவேளையில் அவளோடு கதைக்கும்போது எனக்கும் கேட்கட்டும் என்று போனின் சத்தத்தை வெளியே விட்டார். "வாங்கக்கா, ஒங்க வீடு மாதிரி வாங்க. நீங்க ஒன்னும் தூக்கிட்டு வரவேணாம். ஒக்காந்து சாப்புட்டுட்டுப் போங்க" என்றாள் அந்தப் பெண். போனை வைத்துவிட்டு ரீச்சர் என்னிடம் கேட்டார்: "கேட்டனீங்களோ? இருந்து சாப்பிடட்டாம்." அந்தச் சொல்லை அவர் வேறு யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை.

கிளிநொச்சிச் சந்தையில் ஒரு சுவெட்டர் வாங்கிக்கொண்டு வந்தார், மண்ணிறம். வெக்கையில் மதிலே கொதிக்கிற ஆனி மாதத்தில், அதைப் போட்டுக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து காட்டினார். வியர்த்து ஒழுகியது. "ரீச்சருக்குக் குளிர்காய்ச்சல்" என்று நாங்கள் பகிடி பண்ணினோம். அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று நடந்தார்.

ஆடி நடுப்பகுதியில் லண்டனில் இருந்து போன் வந்தது. தமையன் பிளேன் ரிக்கற் எடுத்துவிட்டார், முதற்பாதிக்கே. "நாங்களும் வாறம். எல்லாரும் சேர்ந்தே மலைநாட்டுக்குப் போவம், குடும்பமா ஒரு பயணம் போய் எவ்வளவு காலம்" என்றாராம். நேசன் அண்ணை "ஓம் அண்ணை" என்றாராம். வான் பஸ் ஆனது. நுவரெலியாவில் ஒரு பங்களா எடுத்தார்கள். போவதற்கு முதல் நாள் நான் ரீச்சர் வீட்டுக்குப் போனேன். வாசலில் இரண்டு காஸ் அடுப்பு, அரிசி, தேங்காய்ச் சாக்கு, மிக்ஸி, பெரிய பானை.

"இதென்ன, அங்கையும் சமைக்கவோ போறீங்கள்?" என்றேன்.

"லண்டன் பெரியத்தானுக்குக் கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது ரீச்சர். அக்காவும் எங்கட தூள் இல்லாமல் சாப்பிடமாட்டா."

"சுதந்திரபுரத்துக்கு ஓடேக்கையும் இவ்வளவு சாமான் கட்டேல்லை நீங்கள்."

அவர் சிரித்தார். "அப்ப யோசிக்க நேரமில்லை. இப்ப முதலே யோசிச்சிட்டன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நுவரெலியாவில் நடந்ததை அவர் திரும்பி வந்த பிறகு சொன்னார். ஒரே மூச்சில் சொல்லவில்லை, துண்டு துண்டாகத்தான் சொன்னார். குளத்தில் வள்ளம் ஓடினார்கள், பூங்காவுக்குப் போனார்கள், பிள்ளைகள் குதிரை ஏறினார்கள். ரீச்சர் பங்களாக் குசினியில் புட்டு அவித்தார். தாரணி உதவிக்கு நிற்கப் பார்த்தபோது, "நீயாவது போய்ப் பார்" என்று துரத்திவிட்டார். கடைசி நாள் காலையில், எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின், கையைத் துடைத்துக்கொண்டு வந்து தமையனிடம் கேட்டார்: "அத்தான், தோட்டத்துக்கு ஒருக்காப் போட்டு வருவமோ?"

எங்கள் ஊரில் தோட்டம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மிளகாய், கத்தரி, வெங்காயம். வட்டக்கச்சியில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. மலையகத்து ஆளுக்குத் தோட்டம் என்றால் தேயிலை, லயம், பிறந்த மண். தமையன் சிரித்தார். "தோட்டத்தை உதறிப்போட்டுத்தானே புஷ்பம் இஞ்ச வந்தனாங்கள், உனக்கு இஞ்சையும் தோட்டமோ? சரி, தோட்டம் பாக்க ஆசை எண்டால் காட்டத்தானே வேணும்" என்றார். பஸ் ஒரு ஸ்ரோபெரித் தோட்டத்தில் போய் நின்றது. கண்ணாடிக்கூரைக்குக் கீழே வரிசையாகச் சட்டிகள். எல்லோரும் ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள். ரீச்சரின் கையிலும் ஒரு கோப்பையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அவருடைய கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சரோஜா கோழியடித்துச் சமைத்து வைத்துவிட்டு, தேயிலை மலைச்சந்தியில் வந்து நின்று போன் எடுக்கிறாள். கொஞ்சத் தூரம்தான். பஸ்ஸைத் திருப்பினால் மதியத்துக்குப் போயிருக்கலாம். நேசன் அண்ணைக்கு எல்லாம் தெரியும். அவரும் ஐஸ்கிறீம் சாப்பிட்டார்.

திரும்பி வந்த நாளில் இருந்து அவருக்கு நெஞ்சுக்குள் ஒரு நோ. மூச்சு முட்டியது. டொக்டரிடம் காட்டச் சொன்னேன். "அவை போகட்டும் ரீச்சர், போன உடன போறன்" என்றார். வழியனுப்புச் சாப்பாட்டுக்கு ஆடு அடித்தார்கள், ஒழுங்கை முழுக்கச் சாப்பிட்டது. நீங்களும் வந்திருந்தீர்கள். அடுத்த நாள் அவர்கள் விமானம் ஏறினார்கள். அந்தக் கிழமையே ரீச்சரை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். இருதயம், கன நாளாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கும் என்றார் டொக்டர். கேட்பதற்கு யாருக்கு நேரம் இருந்தது?

செத்த வீட்டுக்குத் தமையன் வரவில்லை, இப்போதுதானே போனவர். லண்டனில் இருந்து நேரலையில் பார்த்தார். வாசலில் பெரிய பதாகை கட்டச் சொல்லியிருந்தார்: "விருந்தோம்பலின் சிகரமே." படம், ஸ்ரோபெரித் தோட்டத்தில் எடுத்தது. ஐஸ்கிறீம் கோப்பையை வெட்டிவிட்டிருந்தார்கள். இரங்கல் பேசியவர்கள் எல்லோரும் அவருடைய பொறுமையையும் கைப்பக்குவத்தையும் பேசினார்கள். ஒருவர் ஆட்டுக்கறியையே பேசினார். ஒரு மனுசியைப் பாடையில் கிடத்திவிட்டு அவர் காய்ச்சிய கறியைப் புகழ்வதற்கு எங்கள் சனத்தால்தான் முடியும்.

பிரேதம் எடுக்கப் போகும் நேரத்தில் ஒரு பெண் வந்தாள். விடியமுன் வெளிக்கிட்டு, பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். சேலையெல்லாம் புழுதி. ஆரென்று ஒரு கிழவர் கேட்டார். "தோட்டத்துல இருந்து வாறேங்க" என்றாள். "ஆற்ற தோட்டம்? கந்தையாவின்ர தோட்டமோ?" என்றார் கிழவர். அவளுக்கு விளங்கவில்லை. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தலைமாட்டில் விட்டேன். சரோஜா சத்தம்போட்டு அழவில்லை. "அக்கா வருவாங்கன்னு லயத்துக்கு வெள்ளையடிச்சோம் ரீச்சர்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அவளுக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்க அந்த வீட்டில் ஆளில்லை. கொடுக்கிற ஆள் படுத்துக்கிடந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நான் குசினிக்குள் தாரணியோடு நின்றேன். லண்டனில் இருந்து பெரியம்மா போன் எடுத்தார். அழுதார், உண்மையாகவே அழுதார், அதையும் சொல்ல வேண்டும். பிறகு மூக்கைச் சீறிவிட்டு, "வாற ஆவணிக்கு வருவம் பிள்ளை. அம்மா இல்லை எண்டு நாங்கள் வராமல் விடுவமே? நீ ஒண்டுக்கும் கரைச்சல்படாதை" என்றார். தாரணி, "ஓம் பெரியம்மா" என்றாள். போனை வைத்துவிட்டுக் கறியைக் கிளறினாள். அந்தப் பிள்ளைக்கு அப்போது தாயின் முகம் அப்படியே வந்து நின்றது.

ரீச்சரிடம் இருந்து எனக்குக் கிடைத்ததைச் சொல்லி முடிக்கிறேன். அவர் சாவதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆற்றாமையில் நான் கேட்டுவிட்டேன்: "தோட்டம் எண்டால் என்னெண்டு அந்த மனுசனுக்கு விளங்கேல்லைப் போல, என்ன ரீச்சர்?"

"விளங்கினது" என்றார். "அவருக்கும் விளங்கினது, இவருக்கும் விளங்கினது. அவைக்கு விளங்கினது எண்டு எனக்கும் விளங்கிப்போச்சு. அதுதான் ரீச்சர், நான் திருப்பிக் கேக்கேல்லை."

அவருடைய பொறுமை, புன்சிரிப்பு, கைப்பக்குவம் எல்லாவற்றையும் நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இந்த வார்த்தை போதும். ஒன்றும் தெரியாத வெள்ளந்தி மனுசி என்று அவரை இனி யாரும் என் முன்னால் சொல்ல விடமாட்டேன். இதை நான் இன்னும் தாரணிக்குச் சொல்லவில்லை. அவள் குசினியில் தூள் வறுக்கத் தொடங்குவதற்கு முதல் சொல்ல வேண்டும்.